மலாயில் எழுதித் தமிழாக்கும் சுற்றறிக்கைகள்: பிழை எங்கிருந்து வருகிறது?

செலாயாங் அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு சுற்றறிக்கை தயாராகிறது. மலாயில் எழுதியதை வைத்துக்கொண்டு செயலவையில் ஒருவர் தமிழாக்கியிருக்கிறார். அச்சகத்துக்குப் போகும் முன் பார்த்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார்கள். படித்தால் ஏதோ இடிக்கிறது. எது என்று சட்டெனச் சொல்ல வரவில்லை. அப்படியே கீழே போடுகிறேன்:

"மேற்கண்ட விவரம் குறிப்பிடப்படுகிறது. அனைத்து பெற்றோர்களும் எதிர்வரும் சனிக்கிழமை காலை மணி 9.00க்கு நடத்தப்படும் ஆண்டுக் கூட்டத்தில் கலந்து கொள்ள அழைக்கப்படுகிறீர்கள். ஒவ்வொரு பெற்றோர்களின் வருகையும் பெரிதும் மதிக்கப்படுகிறது. கடந்த ஆண்டு எடுக்கப்பட்டத் தீர்மானங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இணைக்கப்பட்டப் பாரத்தைப் பூர்த்தி செய்து பள்ளி அலுவலகம் பெற்றுக்கொள்ளும். இதற்கு ஆவண செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டு கொள்ளப்படுகிறது."

ஒற்று மட்டும் சரிபார்த்தால் போதுமா, வேறு எதுவும் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊரில் இருக்கிற எல்லாப் பெற்றோர் கைக்கும் போகப்போகிற கடிதம்.

---

மஸ்ஜித் இந்தியா அச்சகம் எழுதியது:

'ஆவண' என்பதை உடனே 'ஆவன' ஆக்குங்கள். ஆவணம் என்றால் பத்திரம். ஆவன என்றால் ஆகவேண்டியவை. எங்களிடம் வரும் கடிதங்களில் இந்தப் பிழை இல்லாமல் வருவது அபூர்வம். அடுத்த இடத்தில் 'பணிவண்புடன்' இருக்கும். பணிவு, அன்பு இரண்டும் சேர்ந்தது 'பணிவன்புடன்'.

---

பழைய பிழைதிருத்துநர் எழுதியது:

தம்பி, ஒற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை மேசையில் உட்கார்ந்து மற்றவர் எழுத்தைத் திருத்தியே வயதானவன் நான். இந்தக் கடிதத்தில் இருக்கும் பெரிய குறைகள் எதுவும் க், ச், த், ப் சம்பந்தப்பட்டவை அல்ல.

முதலில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். பிறகு அந்த வினைக்கு உரியவர் யார், உரியது எது என்று பின்னோக்கித் தேடுங்கள். 'அழைக்கப்படுகிறீர்கள்' என்று முடிகிறது. யார்? 'பெற்றோர்களும்'. எழுவாய் படர்க்கை, பயனிலை முன்னிலை. இரண்டும் ஒட்டவில்லை. 'இணைக்கப்பட்டுள்ளது' என்று முடிகிறது. எது? 'தீர்மானங்கள்'. பன்மைக்கு 'இணைக்கப்பட்டுள்ளன' என்றுதான் வரவேண்டும். நம் ஊர்க் கடிதங்களில் ஆக அதிகமாக நான் திருத்தியது இந்தத் து, ன தான். 'விண்ணப்பங்கள் பெறப்பட்டது', 'நடவடிக்கைகள் எடுக்கப்பட்டது', 'கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டுள்ளது' என்று ஓயாமல் வரும்.

இதற்குக் காரணம் எழுதுபவரின் தமிழ் அறிவுக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பேசும்போது அவரே 'புத்தகமெல்லாம் வந்துருச்சு' என்பார், பேச்சில் அது சரிதான். எழுத்துக்கு வரும்போது கண் மலாய் மூலத்தில் இருக்கிறது. மலாயில் வினைச்சொல் எண்ணுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவதில்லை. 'டிலம்பிர்கான்' என்ற சொல் ஒரு தாளை இணைத்தாலும் அப்படியே நிற்கும், ஒன்பது தாளை இணைத்தாலும் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து எழுதும் கை ஏதாவது ஒரு வடிவத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

'அனைத்து பெற்றோர்களும்' கூட அந்த வழியில் வந்ததுதான். 'எல்லாப் பெற்றோரும்' என்பதற்கான மலாய்த் தொடர் 'செமுவா இபு பாபா'. அதில் 'செமுவா' மனிதருக்கும் பொருளுக்கும் பொது. தமிழில் 'அனைத்து' அஃறிணைக்கு உரியது, 'அனைவர்' உயர்திணைக்கு உரியது. 'அனைத்துப் பள்ளிகளும்' சரி. மனிதரைச் சொல்லும்போது 'பெற்றோர் அனைவரும்' என்று எழுதினால் திணையும் கெடாது, காதுக்கும் நன்றாக இருக்கும். 'பெற்றோர்' என்பதே பன்மை, அதன் மேல் ஒரு 'கள்' வேண்டாம். 'ஒவ்வொரு' வந்துவிட்டால் அடுத்து வருவது ஒருமையாக இருக்க வேண்டும்: ஒவ்வொரு மாணவரும், ஒவ்வொரு வகுப்பும். 'ஒவ்வொரு மாணவர்களும்' கூடாது.

அப்புறம் இந்தப் 'பட்டது, படுகிறது'. மலாய் அலுவலகக் கடிதத்தில் முன்னால் 'டி' போட்ட செயப்பாட்டு வினைகள் வரிசையாக வரும். அந்த மொழியின் மரியாதை நடை அது, அங்கே அழகாக இருக்கிறது. தமிழில் செயப்பாட்டு வினை இல்லாமல் இல்லை, தேவையான இடத்தில் போடலாம். ஆனால் ஆறு வாக்கியங்களில் குறிப்பிடப்படுகிறது, நடத்தப்படும், அழைக்கப்படுகிறீர்கள், மதிக்கப்படுகிறது, கொள்ளப்படுகிறது என்று போனால் யார் அழைக்கிறார்கள், யார் கேட்டுக்கொள்கிறார்கள் என்றே தெரியாது. சங்கம்தானே கேட்கிறது? 'கேட்டுக்கொள்கிறோம்' என்று சொல்ல என்ன தயக்கம்? கூட்டம் 'நடைபெறும்'. பெற்றோரை 'அழைக்கிறோம்'. முதல் வாக்கியத்தை அடித்தே விடலாம். கடிதத்தின் தலைப்பு மேலே இருக்கும்போது 'மேற்கண்ட விவரம் குறிப்பிடப்படுகிறது' என்பதால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

---

செலாயாங் அப்பா எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பாரம் (படிவம்) பற்றிய வாக்கியத்தை நீங்கள் தொடவில்லையே. எனக்கு அதிகம் இடித்தது அதுதான்.

---

பழைய பிழைதிருத்துநர் எழுதியது:

அதைத் தனியாகச் சொல்லலாம் என்று விட்டுவைத்தேன்.

'பாரத்தைப் பூர்த்தி செய்து பள்ளி அலுவலகம் பெற்றுக்கொள்ளும்.' இதன்படி பாரத்தைப் பூர்த்தி செய்வது யார்? அலுவலகம்! 'செய்து' என்னும் வினையெச்சம் எந்த முற்றுவினையில் போய் முடிகிறதோ, அந்த வினையைச் செய்பவரே இதையும் செய்தவர் என்றுதான் தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். 'அம்மா சமைத்துப் பரிமாறினார்' என்றால் சமைத்ததும் பரிமாறியதும் அம்மா. 'மழை பெய்து ஆறு பெருகியது' போலக் காரணமும் விளைவுமாக வரும் இடங்களில் மட்டும் எழுவாய் மாறலாம். கடிதத்தில் அந்தச் சலுகை பொருந்தாது.

இரண்டு வழியில் சரி செய்யலாம். 'பாரத்தைப் பூர்த்தி செய்து பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள்.' அல்லது, 'நீங்கள் பூர்த்தி செய்த பாரத்தைப் பள்ளி அலுவலகம் பெற்றுக்கொள்ளும்.' இரண்டாவதில் 'செய்து' என்பது 'செய்த' ஆகிவிட்டது, செய்பவரும் உள்ளே வந்துவிட்டார்.

வாக்கியம் நீளும்போது இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். நான்கு வினையெச்சங்களை அடுக்கி ஒரு பத்தியையே ஒரு வாக்கியமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிவுக்கு வரும்போது தொடங்கியவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர். வாய்விட்டுப் படித்து, மூச்சு வாங்குகிற இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். பாதிப் பிழை அங்கேயே போய்விடும்.

---

பினாங்கு ஆசிரியை எழுதியது:

ஐயா சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன், முதலில் எழுவாயும் பயனிலையும். ஆனால் ஒற்றை ஒரேயடியாகத் தள்ளிவைக்க மனம் வரவில்லை. காரணம், இந்தக் கடிதத்தில் ஒற்று விடுபட்ட இடங்களைவிட வேண்டாத இடத்தில் போட்ட ஒற்றுதான் என்னை உறுத்துகிறது. 'எடுக்கப்பட்டத் தீர்மானங்கள்', 'இணைக்கப்பட்டப் பாரம்' இரண்டும் தவறு.

'எடுக்கப்பட்ட' என்பது பெயரெச்சம். அதன் பின் வல்லினம் மிகாது. வந்த பையன், எழுதிய கடிதம், நடைபெற்ற கூட்டம், பரிசு பெற்ற பள்ளி. 'வந்தப் பையன்' என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் 'நடைபெற்றக் கூட்டம்' என்று அச்சிலேயே வருகிறது. ஒற்று விட்டுவிட்டால் குறை சொல்வார்களோ என்ற பயத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. 'வந்தப் பிறகு', 'சொன்னப் படி' எல்லாம் அப்படி வந்தவைதான். எதிர்மறையில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. 'செலுத்தாத கட்டணம்' என்றால் மிகாது. கடைசித் 'த' கெட்டு 'செலுத்தா' என்று நின்றால் மிகும்: 'செலுத்தாக் கட்டணம்'.

அலுவலகக் கடிதத்துக்கு நான் மாணவர்களிடம் முதலில் அழுத்திச் சொல்வது ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகள் இரண்டையும்தான். உருபு கண்ணுக்குத் தெரிந்தால் ஒற்று வரும்: பாரத்தைப் பூர்த்தி செய்க, பள்ளிக்குச் செல்க. ஐ மறைந்திருந்தால் ஒற்றும் வராது: 'பரிசைப் பெற்றவர்', ஆனால் 'பரிசு பெற்றவர்'. 'நன்கொடையைக் கொடுத்தவர்', ஆனால் 'நன்கொடை கொடுத்தவர்'.

'கேட்டு கொள்ள' என்ற இடத்தில்தான் உண்மையில் ஒற்று வேண்டும்: கேட்டுக்கொள்கிறோம், தெரிவித்துக்கொள்கிறோம். ட்டு, த்து, ற்று என்று வல்லின மெய்யைத் தொடர்ந்து உகரத்தில் முடியும் எச்சம் வந்தால் மிகும். 'செய்து கொடுத்தார்', 'வந்து சேர்ந்தார்' போன்றவற்றில் து-வுக்கு முன்னால் இருப்பது வல்லின மெய் அல்ல, அங்கே மிகாது. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'கேட்டுக்கொள்' என்று நாக்கே அழுத்தும்.

---

செந்தூல் கோயில் செயலவை எழுதியது:

நன்கொடை என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நாங்கள் ஆண்டுதோறும் திருவிழா அழைப்பிதழில் 'நன்கொடைக் கொடுத்தவர்கள்' என்றுதான் பட்டியல் போடுகிறோம். இந்த ஆண்டு மாற்றச் சொல்கிறேன்.

பக்கத்து ஊர் அழைப்பிதழ் ஒன்றில் 'அரங்காவலர்' என்று பார்த்தேன். அறத்தைக் காப்பவர்தானே, 'அறங்காவலர்' என்றல்லவா இருக்க வேண்டும்? அப்புறம் இந்த 'வாழ்த்துகள், வாழ்த்துக்கள்' சண்டையை ஒருவர் தீர்த்து வையுங்கள். எங்கள் செயலவையில் ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே பேச்சு.

---

மஸ்ஜித் இந்தியா அச்சகம் எழுதியது:

அறங்காவலர்தான் சரி அண்ணே. இதே வகையில் இன்னொன்று 'முன்னால் மாணவர் சங்கம்'. பதாகையில் அவ்வளவு பெரிதாக அடித்துக் கொடுத்த பிறகு யாராவது கேட்பார்கள், 'மாணவருக்கு முன்னால் என்ன இருக்கிறது' என்று. முன்னொரு நாளில் படித்தவர் 'முன்னாள் மாணவர்'.

இவற்றில் பாதி தட்டச்சில் வருகிறது. அஞ்சல் விசைமுறையில் சின்ன எல் அடித்தால் ல, பெரிய எல் அடித்தால் ள. ர, ற அப்படியே. ன, ண அப்படியே. ஷிப்ட் விசையை அழுத்த மறந்தால் எழுத்து மாறிவிடும், மாறிய பிறகும் அது ஒரு சரியான சொல்லாகவே இருப்பதால் கண்ணில் படாது. அதனால் ல, ள, ழ, ர, ற, ன, ண வரும் பெயர்களையும் பதவிகளையும் தனியாக ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

---

பினாங்கு ஆசிரியை எழுதியது:

வாழ்த்துகள் பற்றி: 'கள்' ஒரு விகுதி, அது சேரும்போது வன்தொடர்க் குற்றியலுகரத்தின் (த்து, ட்டு போல வல்லின மெய்யை அடுத்துச் சொல்லின் கடைசியில் வரும் உகரம்) பின் ஒற்று வேண்டியதில்லை என்பதால் வாழ்த்துகள், எழுத்துகள், பாட்டுகள் என்று எழுதுவோர் ஒரு சாரார். வழக்கில் நிலைத்துவிட்டது, ஒலிக்கும் பொருந்துகிறது என்று 'வாழ்த்துக்கள்' எழுதுவோர் இன்னொரு சாரார். அறிஞர்களிடையிலேயே இரண்டு கருத்தும் உண்டு. நான் 'வாழ்த்துகள்' என்றே எழுதுகிறேன், மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பூக்கள், பசுக்கள், தெருக்களில் ஒற்று வருவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. செயலவையில் ஒன்றைத் தீர்மானித்து, ஒரே அழைப்பிதழில் இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. இதற்காக மனக்கசப்பு வேண்டாம்.

---

சைபர்ஜெயா மதுரைக்காரர் எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம். கடிதத்தில் 'காலை மணி 9.00க்கு' என்று இருக்கிறதே, அதை யாரும் திருத்தவில்லை. 'காலை 9 மணிக்கு' என்பதுதானே சரியான தமிழ்? 'எதிர்வரும்' என்பதும் எனக்குப் புதிதாக இருக்கிறது, நாங்கள் 'வரும் சனிக்கிழமை' என்போம்.

---

பழைய பிழைதிருத்துநர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது உங்கள் ஊர் வழக்கு, இது எங்கள் ஊர் வழக்கு. 'காலை மணி 9.00' என்பது மலேசியத் தமிழ் ஏடுகளிலும் அழைப்பிதழ்களிலும் நெடுங்காலமாக ஊன்றிய நடை. படிக்கும் யாருக்கும் இங்கே குழப்பம் இல்லை. எழுவாயும் பயனிலையும் முரண்படுவது இலக்கணப் பிழை. மணி என்ற சொல் எண்ணுக்கு முன்னால் வருவது வழக்கு வேறுபாடு. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் திருத்துவதை நான் ஏற்பதில்லை.

---

பினாங்கு ஆசிரியை எழுதியது:

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் இந்த நாட்டில் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் நடந்தது கோலாலம்பூரில்தான். இவ்வளவு காலம் வேரூன்றிய தமிழுக்கு அதற்கென்று சில பழக்கங்கள் இருப்பது இயல்பு. அவற்றைப் பிழையென்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

நிறுவனப் பெயர்களும் அப்படியே. சில பள்ளிகளின் பலகையில் 'தேசிய வகை தமிழ்ப்பள்ளி' என்றும் சிலவற்றில் 'வகைத் தமிழ்ப்பள்ளி' என்றும் இருக்கும். கடிதத்தில் பள்ளி தன் பெயரை எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுங்கள். பெயரைத் திருத்துவது நம் வேலை இல்லை.

---

சைபர்ஜெயா மதுரைக்காரர் எழுதியது:

புரிந்தது ஐயா, நன்றி டீச்சர். இனி இங்கே எழுதும்போது நானும் 'காலை மணி' என்றே எழுதுகிறேன்.

---

மனிதவளம் பிஜே எழுதியது:

வணக்கம். நான் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் அண்ணன்மாருக்குத் தமிழில் அறிவிப்பு ஒட்டுவோம். அங்கே இலக்கணம் பிசகினால் அழகு மட்டும் கெடுவதில்லை, சம்பளமும் விடுப்பும் கெடும். அதனால் இதை எழுதுகிறேன்.

அறிவிப்பு ஒன்று: 'வேலை முடிந்து செல்லும் தொழிலாளர்கள் மேற்பார்வையாளரிடம் தன் அட்டையைக் கொடுக்க வேண்டும்.' யாருடைய அட்டை? 'தன்' ஒருமை, 'தொழிலாளர்கள்' பன்மை. பக்கத்தில் மேற்பார்வையாளர் வேறு நிற்கிறார். 'தங்கள் அட்டையை' என்றதும் தெளிவாகிவிடுகிறது.

இன்னொன்று: 'புதிய தொழிலாளர்களின் விடுதிக்கு வாடகை இல்லை.' புதிது எது, விடுதியா, தொழிலாளர்களா? ஏற்கெனவே இருப்பவர்கள் தங்களுக்கும் வாடகை இல்லை என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. விடுதிதான் புதிது என்றால் 'தொழிலாளர்களின் புதிய விடுதிக்கு' என்று அடையை அதன் பெயருக்கு ஒட்டி வைக்க வேண்டும். ஆட்கள்தான் புதிது என்றால் 'புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்களுக்கு விடுதி வாடகை இல்லை' என்று எழுதினால் வம்பே இல்லை.

ஒரு கேள்வியும் உண்டு. கணினியில் பிழை பார்க்கும் கருவிகளை நம்பலாமா?

---

பழைய பிழைதிருத்துநர் எழுதியது:

அம்மா, உங்கள் இரண்டாவது உதாரணத்தை வெட்டி வைத்துக்கொண்டேன். அடைமொழி எங்கே நிற்கிறது என்பதை யாரும் கவனிப்பதே இல்லை.

கருவிகள் உதவும். எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. கடிதத்தை ஒருமுறை அவற்றில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் 'முன்னால்' என்பதும் 'ஆவண' என்பதும் தமிழில் உள்ள வடிவங்களே. நீங்கள் சொல்ல நினைத்தது எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? 'புதிய' யாருக்கு என்பதையும் அது கேட்காது. கருவியில் போட்டு எடுத்த பிறகு, மலாய் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மூலம் தெரிந்தவர் மனத்துக்குள் சரிப்படுத்திக்கொண்டே படித்துவிடுவார்.

---

செலாயாங் அப்பா எழுதியது:

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன்:

"நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் எதிர்வரும் சனிக்கிழமை காலை மணி 9.00க்குப் பள்ளி மண்டபத்தில் நடைபெறும். பெற்றோர் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம். கடந்த ஆண்டு எடுத்த தீர்மானங்களை இத்துடன் இணைத்துள்ளோம். வருகையை உறுதிப்படுத்தும் பாரத்தைப் பூர்த்தி செய்து வியாழக்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

என் மனைவியிடம் மலாய்த் தாளைக் காட்டாமல் படிக்கக் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு, 'யார் வரணும், அப்பாவா அம்மாவா, ரெண்டு பேருமா?' என்றுதான் கேட்டார். அது கூட்டத்தைப் பற்றிய கேள்வி, தமிழைப் பற்றியது இல்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. கீழே நிகழ்ச்சி நிரலில் 'டத்தோ அவர்கள் தொடக்கி வைப்பார்கள்' என்றும் 'தலைமையாசிரியர் அவர்கள் உரையாற்றுவார்' என்றும் இருக்கிறது. எது சரி?

---

பழைய பிழைதிருத்துநர் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. 'ஆவன செய்யுமாறு' இல்லாமலே முடித்துவிட்டீர்கள், அது இன்னும் நல்லது.

'அவர்கள்' வந்தால் 'வைப்பார்கள்' என்று எழுதுவதும் வழக்கில் உண்டு. எனக்கு 'வைப்பார்', 'உரையாற்றுவார்' போதும். ஆர் விகுதியிலேயே மரியாதை இருக்கிறது. எதை எடுத்தாலும் நிரல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும். டத்தோவுக்கு 'வைப்பார்கள்', தலைமையாசிரியருக்கு 'உரையாற்றுவார்' என்று போட்டால் ஒருவருக்கு மரியாதை குறைந்ததுபோல் ஆகிவிடும். டத்தோ என்பதே ஒரு மரியாதைப் பட்டம், அதை எழுதிய பிறகு முன்னால் 'திரு' சேர்க்க வேண்டாம்.

---

மஸ்ஜித் இந்தியா அச்சகம் எழுதியது:

அப்பா, அச்சுக்கு அனுப்பும்போது யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், கூடவே வேர்டு கோப்பும் இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவில் வந்தால் மாற்றும்போது ஒரு சில எழுத்து சிதறும். அச்சடிக்கும் முன் ஒரு பிரதியைக் காட்டுவோம், அதில் மெய்யெழுத்துப் புள்ளிகளையும் பெயர்களையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கடை பகல் வேளையில் கொஞ்ச நேரம் மூடியிருக்கும், அதற்கு முன்னால் வந்தால் நல்லது.